கல்லில் பதிந்த அலறல்

1972 டிசம்பர் 25. பிரிட்டனில் கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து, குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பெரியவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் இரவு. பிபிசி 2இல் ஒன்றரை மணி நேர நாடகம் ஒன்று ஒளிபரப்பாகிறது. பெயர் ‘தி ஸ்டோன் டேப்’. தமிழில் சொன்னால் ‘கல் நாடா’. எழுதியவர் நைஜல் நீல். இயக்கியவர் பீட்டர் சாஸ்டி.

கிறிஸ்துமஸுக்குப் பேய்க்கதை என்பது அந்த ஊரில் பழைய சம்பிரதாயம். குளிர்காலம், நீண்ட இரவு, கணப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் அதை அச்சில் ஏற்றி ஊரெங்கும் பரப்பினார். 1971இல் பிபிசியும் ஆண்டுக்கொரு கிறிஸ்துமஸ் பேய்க்கதை என்று ஒரு வரிசையைத் தொடங்கியிருந்தது. ஆகவே அன்று டிவி முன்னால் இருந்தவர்களுக்குப் பேய் புதுசு இல்லை. அதைப் பிடிக்க வந்த ஆட்கள்தான் புதுசு. பாதிரியாரோ, மந்திரவாதியோ, பயந்த சுபாவமுள்ள பேராசிரியரோ இல்லை. ஒரு மின்சாதனக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவு. கையில் மைக்ரோஃபோன், பதிவுக் கருவிகள், கம்ப்யூட்டர்.

கதை இதுதான். பீட்டர் ப்ராக் என்பவர் தலைமையில் ஒரு குழு ‘டாஸ்கர்லேண்ட்ஸ்’ என்ற பழைய பங்களாவுக்குக் குடிவருகிறது. காந்த நாடாவின் காலம் முடியப் போகிறது; ஜப்பான்காரர்கள் முந்திக்கொள்வதற்குள் புதிய பதிவு ஊடகம் ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். இது ப்ராக்கின் வெறி. வந்து பார்த்தால், கம்ப்யூட்டர் வைப்பதற்கென்று ஒதுக்கிய அறை மட்டும் தயாராகவில்லை. வேலையாட்கள் அந்த அறைக்குள் போக மறுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் பேய் என்கிறார்கள். மரப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே மிகப் பழைய கல்சுவர், எங்கும் போய்ச் சேராத ஒரு கல் படிக்கட்டு. பலகைக்குப் பின்னால் ஒரு குழந்தை கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதிய கடிதமும் கிடைக்கிறது. பொம்மை கேட்கவில்லை அந்தக் குழந்தை. அந்த அறையில் இருப்பது போய்விட வேண்டும் என்று கேட்டிருக்கிறது.

குழுவில் இருக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமர் ஜில் கிரீலி. ஜேன் ஆஷர் நடித்த பாத்திரம். அவள்தான் முதலில் பார்க்கிறாள்: படியில் ஓடி ஏறும் ஒரு பெண், பிறகு ஒரு அலறல். ஊரில் விசாரித்ததில் விக்டோரியா காலத்தில் அந்த வீட்டில் வேலை பார்த்த லூயிசா ஹாங்க்ஸ் என்ற பணிப்பெண் அந்த அறையில் விழுந்து செத்தது தெரியவருகிறது. குழுவில் ஆளுக்கு ஒரு தினுசாக அனுபவம். சிலருக்கு உருவம் தெரிகிறது, சிலருக்குச் சத்தம் மட்டும் கேட்கிறது, ஒருவருக்கு ஒண்ணுமே இல்லை. எல்லோரும் அலறலைக் கேட்டு நடுங்கிய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த டேப்பைப் போட்டுப் பார்த்தால், அதில் எதுவும் இல்லை.

இங்கேதான் ப்ராக்கின் மூளை வேலை செய்கிறது. சத்தம் காற்றில் இல்லை. கேட்பவரின் மூளைக்குள் கேட்கிறது. அப்படியென்றால் கல்தான் நாடா. மனித மூளைதான் அதைப் பாடவைக்கும் கருவி. லூயிசாவின் மரண பயம் கல்லில் பதிந்துவிட்டது; உணரக்கூடிய ஆள் பக்கத்தில் வந்தால் அது ஓடுகிறது. பார்த்த மாத்திரத்தில் ப்ராக் பயப்படவில்லை, இரக்கப்படவும் இல்லை. சந்தோஷப்படுகிறார். சக்கரம் இல்லை, நாடா இல்லை, இயந்திரமே வேண்டாம். இதைவிட நல்ல ஊடகம் எங்கே கிடைக்கும்?

நான் இந்த நாடகத்தை அது வெளிவந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் பார்த்தேன். ஸ்டூடியோ வெளிச்சமும் உரக்கப் பேசும் நடிப்பும் முதல் கால் மணி நேரத்துக்கு உறுத்தும். அதைத் தாண்டிவிட்டால் இது பேய்க்கதை மட்டும் அல்ல என்று புரியும். பதிவு செய்வது, அழிப்பது, இந்த இரண்டு காரியங்களையும் பற்றிய கதை. அதை எழுதிய மனிதருக்கு இரண்டைப் பற்றியும் சொந்த அனுபவம் நிறைய இருந்தது.

டிவிக்கு ஞாபகமறதி

நைஜல் நீல் 1922இல் பிறந்தவர். ஐரிஷ் கடலில் இருக்கும் மேன் தீவுக் குடும்பம், வளர்ந்ததும் அங்கேதான். சட்டம் படித்து, அதை விட்டுவிட்டு, லண்டனில் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். 1949இல் வந்த சிறுகதைத் தொகுப்புக்கு அடுத்த ஆண்டு சாமர்செட் மாம் விருது கிடைத்தது. 1951இல் பிபிசி டிவியில் எழுத்தாளராகச் சேர்ந்தார்.

அந்தக் காலத்து டிவி நாடகம் என்பது முழுக்க நேரலை. ஸ்டூடியோவில் நடிகர்கள் நடிக்க நடிக்க அது வீடுகளுக்குப் போகும். முடிந்தால் முடிந்தது, மேடை நாடகம் மாதிரி. பாதுகாக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான்: டிவி திரையைப் பார்த்தபடி ஒரு ஃபிலிம் கேமராவை வைத்துப் படம் பிடிக்க வேண்டும்.

நீலுக்குப் பெயர் வாங்கித் தந்த ‘தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ 1953 கோடையில் ஆறு வாரத் தொடராக வந்தது. விண்வெளியிலிருந்து திரும்பிய ஒருவன் மெல்ல மெல்ல வேறொரு உயிராக மாறுகிற கதை. கடைசி வாரம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள் தோன்றும் ராட்சதத் தாவரம் உண்மையில் நீலின் சொந்தக் கைகள். கையுறையில் செடிகொடிகளை ஒட்டி, அபேயின் உட்புறப் புகைப்படம் ஒன்றில் ஓட்டை போட்டு, அதன் வழியே கையை நீட்டி ஆட்டினார். அதைச் செய்ய உதவியவர் ஜூடித் கெர். நாஜி ஜெர்மனியிலிருந்து குழந்தையாகத் தப்பி வந்தவர். பிற்பாடு நீலின் மனைவி. புலி தேநீர் குடிக்க வரும் குழந்தைக் கதைப் புத்தகத்தால் உலகப் புகழ் பெற்றவர்.

அந்தக் காட்சியை இன்று பார்க்க முடியாது. முதல் இரண்டு வாரங்களை மட்டும்தான் ஃபிலிமில் பிடித்தார்கள். தரம் சரியில்லை, இரண்டாம் வாரப் பதிவில், திரையின் மேல் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்து அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. இது வேலைக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டார்கள். எழுபது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பூச்சி பத்திரமாக இருக்கிறது. மிச்ச நான்கு வாரங்கள் இல்லை.

1954 டிசம்பரில் ஆர்வெலின் ‘1984’ நாவலை நீல் நாடகமாக்கினார். ஞாயிற்றுக்கிழமை நேரலையாக நடித்தார்கள். வியாழக்கிழமை மறு ஒளிபரப்பு. மறு ஒளிபரப்பு என்றால் மறுபடியும் அத்தனை நடிகர்களும் வந்து முதலிலிருந்து நடிப்பது. இரண்டாம் முறை நடித்ததைத்தான் ஃபிலிமில் பிடித்தார்கள். இன்று நாம் பார்ப்பது அதுதான். பழைய ஆவணங்களை அழித்தெழுதுவதே உத்தியோகமாக இருக்கும் ஒருவனின் கதை பாதி அதிர்ஷ்டத்தால் பிழைத்திருக்கிறது.

வீடியோ நாடா வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நினைப்போம். அமெரிக்காவில் ஆம்பெக்ஸ் கம்பெனி 1956இல் வீடியோ நாடாக் கருவியை வெளியிட்டது. பிபிசி பொறியாளர்களும் ‘வேரா’ என்ற கருவியைச் சொந்தமாக உருவாக்கி 1958இல் நேரலையில் காட்டினார்கள். ஆம்பெக்ஸ் அதைவிட நன்றாக வேலை செய்ததால் வேரா சீக்கிரமே ஓரங்கட்டப்பட்டது. ஆனால் நாடா வந்த பிறகுதான் அழிப்பது முறையான வேலையாக ஆனது. ஃபிலிமில் ஒரு முறை பிடித்தால் பிடித்ததுதான். நாடாவின் பெருமையே அதை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம் என்பது. இரண்டு அங்குல அகல நாடா விலை அதிகம். வைக்க இடம் வேண்டும். நடிகர் சங்க ஒப்பந்தப்படி ஒரு நாடகத்தை இஷ்டத்துக்கு மறு ஒளிபரப்பு செய்ய முடியாது. கலர் வந்ததும் கறுப்பு வெள்ளை நாடகங்களுக்கு மவுசு போய்விட்டது. பிறகு எதற்கு அலமாரியை அடைக்க வேண்டும்? அழித்தார்கள். ‘டாக்டர் ஹூ’ தொடரின் அறுபதுகள் காலத்து அத்தியாயங்கள் தொண்ணூறுக்கும் மேல் காணாமல் போனது இப்படித்தான். 1969இல் மனிதன் நிலவில் இறங்கிய இரவு பிபிசி ஸ்டூடியோவிலிருந்து நடத்திய நேரலையும் இன்று இல்லை.

நீலின் நாடகங்களும் அந்தக் கணக்கில் போயின. 1968இல் கலரில் எடுத்த ஒன்று கறுப்பு வெள்ளைப் பிரதியாக மட்டும் தங்கியிருக்கிறது. 1970இல் வந்த ‘வைன் ஆஃப் இந்தியா’ இல்லவே இல்லை. எல்லாவற்றிலும் பெரிய இழப்பு 1963 செப்டம்பரில் ஒளிபரப்பான ‘தி ரோட்’.

அதுவும் பேய்க்கதைதான். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு காடு. அங்கே குறிப்பிட்ட ஒரு இரவில் பெரும் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்கிறதாம். எப்போதோ தோற்று ஓடிய படையின் ஆவிகள் என்று ஊரார் நினைக்கிறார்கள். அறிவியல் ஆர்வமுள்ள ஒரு பிரபு அதை ஆராயக் கிளம்புகிறார். கடைசியில் அந்தச் சத்தத்தை நாமும் கேட்கிறோம். கார் ஹாரன்கள், நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்ட ஜனங்கள், அணுகுண்டு. பேய்கள் பின்னாலிருந்து வரவில்லை, முன்னாலிருந்து வந்திருக்கின்றன. கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த நாடாவும் அழிந்தது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து இதே மனிதர் ஒரு கல்லை நாடா என்கிறார். அந்த நாடா அழிந்துபோவதைக் கதையின் நடுவில் வைக்கிறார். பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவு அப்போது சர்ரே மாவட்டத்தில் கிங்ஸ்வுட் வாரன் என்ற விக்டோரியா காலத்து மாளிகையில் இயங்கிவந்தது. நீல் அங்கே போயிருக்கிறார். பழைய பங்களாவும் உள்ளே கருவிகளோடு உற்சாகமாகத் திரியும் பொறியாளர்களுமாக அவர் பார்த்த காட்சிதான் டாஸ்கர்லேண்ட்ஸ் ஆனது.

காற்று என்ற நூலகம்

பொருள்களுக்கு ஞாபகம் உண்டு என்ற எண்ணத்தை நீல் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு நீண்ட பரம்பரை இருக்கிறது. அதில் முக்கியமானவர் கணிப்பொறியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ்.

1837இல் பாபேஜ் இயற்கையும் இறைவனும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாம் பேசும் ஒவ்வொரு சொல்லும் காற்றின் துகள்களை அசைக்கிறது. அந்த அசைவு பக்கத்துத் துகளுக்குப் போகிறது. குறைந்துகொண்டே போனாலும் முழுதாக ஒருபோதும் தீர்வதில்லை. எல்லையற்ற கணிதத் திறமை உள்ள ஒருவருக்கு, இன்றைய காற்றின் அசைவிலிருந்து என்றோ பேசிய சொல்லைத் திரும்பக் கணக்கிட முடியும். ஆக, காற்று ஒரு மாபெரும் நூலகம். பாபேஜ் அங்கே நிற்கவில்லை. பிடிபடாமல் இருக்க அடிமைகளை உயிரோடு கடலில் தள்ளும் அடிமை வியாபாரியை உதாரணமாக எடுத்துக்கொண்டார். சாட்சி சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை என்று அவன் நினைக்கலாம். ஆனால் அந்த அலறல் காற்றிலும் கடல்நீரிலும் பதிந்திருக்கிறது, கடைசி விசாரணை நாளில் அந்தத் துகள்களே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்றார்.

பாபேஜுக்குப் பதிவு என்றால் நீதி. எதுவும் அழியாது என்பது அவருக்கு ஆறுதலான செய்தி.

அதற்குப் பிறகு வந்தவர்கள் நீதியை விட்டுவிட்டுப் பதிவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஜோசப் ரோட்ஸ் புக்கானன் ஒரு பொருளைத் தொட்டால் அதன் வரலாறு தெரியும் என்று 1840களில் சொல்லி, அதற்கு ‘சைக்கோமெட்ரி’ என்று பெயரும் வைத்தார். வில்லியம் டென்டன் கற்களையும் எலும்புகளையும் நெற்றியில் வைத்துப் பார்க்கச் சொல்லிச் சோதனைகள் செய்தார். 1882இல் லண்டனில் அமானுஷ்ய ஆய்வுக் கழகம் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. கேம்பிரிட்ஜ் தத்துவப் பேராசிரியர்கள், இயற்பியலாளர்கள். அவர்களில் ஒருவரான எலினார் சிட்ஜ்விக் பேய்க் கதைகளை நூற்றுக்கணக்கில் திரட்டிப் படித்துவிட்டு 1885இல் ஒரு கேள்வியை எழுப்பினார்: ஒரே வீட்டில் சம்பந்தமில்லாத பலர் ஒரே உருவத்தைப் பார்க்கிறார்கள் என்றால், விஷயம் அந்தக் கட்டடத்திலேயே இருக்குமோ? பிறகு ஹெச். ஹெச். ப்ரைஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி இடத்துக்கு ஞாபகம் உண்டா என்று விவாதித்தார். டி. சி. லெத்பிரிட்ஜ் கேம்பிரிட்ஜில் தொல்லியல் வேலை பார்த்தவர். அங்கிருந்து விலகி டெவனுக்குப் போய், 1961இல் பேய்கள் பற்றிய புத்தகத்தில் இதே மாதிரிக் கருத்தை எழுதினார். ஆவி என்பது அலையும் ஆன்மா அல்ல, எங்கோ பதிந்துபோன ஒரு படம்.

இந்தக் கருத்து ஏன் அத்தனை பேரை ஈர்த்தது என்று யோசித்தால், அது ஒரு பெரிய சங்கடத்தைத் தீர்த்துவைக்கிறது. ஆன்மாவை நம்ப முடியாத, ஆனால் பார்த்ததை மறுக்கவும் முடியாத ஆட்களுக்கு இது வசதி. இன்னொரு வசதியும் உண்டு. ஆவி என்றால் அதற்கு ஏதோ வேண்டும்: நியாயம், பிரார்த்தனை, ஒழுங்கான அடக்கம். பதிவு என்றால் அதற்கு எதுவும் வேண்டாம். நாம் செய்ய வேண்டிய கடன் ஒன்றும் இல்லை. ப்ராக் சந்தோஷப்படுவது இதற்காகத்தான். லூயிசா அங்கே இல்லை என்று தெரிந்ததும் அவளுடைய அலறலை அவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

டாஸ்கர்லேண்ட்ஸின் வெளிப்புறக் காட்சிகளை சர்ரேயில் ஹார்ஸ்லி டவர்ஸ் என்ற மாளிகையில் எடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது லவ்லேஸ் பிரபுவின் மாளிகை. அவர் மனைவி அடா லவ்லேஸ், பாபேஜின் நண்பர். அவருடைய கணக்கிடும் இயந்திரத்துக்கு 1843இல் வழிமுறை எழுதி, முதல் புரோகிராமர் என்று இன்று சொல்லப்படுபவர். ஜில் கிரீலி என்ற புரோகிராமர் காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்குவது அந்த வீட்டு வாசலில்.

அழிந்த பின் அடியில் இருப்பது

கதைக்குத் திரும்புவோம். கல்லில் இருப்பதை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று ப்ராக்கின் குழு அறை முழுக்கக் கருவிகளைக் கொண்டுவந்து குவிக்கிறது. விதவிதமான ஒலிகளை அந்தக் கல்லின்மேல் பாய்ச்சுகிறார்கள். காதைப் பிளக்கும் அந்தச் சத்தங்களை அமைத்தவர் பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பை நடத்திவந்த டெஸ்மண்ட் பிரிஸ்கோ. மணிக்கணக்கில் முயல்கிறார்கள். எதுவும் நடக்கவில்லை. அதுவரை வந்துகொண்டிருந்த அலறலும் நின்றுவிடுகிறது. நாடாவை அழித்துவிட்டார்கள்.

ப்ராக் உடைந்துபோகிறார். மேலிடம் அந்த இடத்தை வாஷிங் மெஷின் ஆராய்ச்சிக்குத் தரப்போகிறது. லூயிசாவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பல பத்தாண்டுகளாக அந்தப் பெண்ணிடமிருந்து உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு அலறல்தான். அதை வெறுப்பால் யாரும் அழிக்கவில்லை. வேலை நடந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் அழித்தார்கள்.

ஜில் மட்டும் விடவில்லை. தன் கம்ப்யூட்டரில் தகவல்களைப் போட்டுப் பார்க்கிறாள். அவளுக்கு ஒரு விஷயம் பிடிபடுகிறது. அழிந்தது மேலடுக்கு மட்டும். அடியில் இன்னொன்று இருக்கிறது. மிகப் பழையது, மங்கலானது, உருவம் தெரியாதது.

கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேசட்டின் மேல்விளிம்பில் ரெண்டு சின்ன பிளாஸ்டிக் பட்டைகள் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேற்கொண்டு அதில் பதிவு பண்ண முடியாது. உடைத்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டினால் மறுபடியும் பண்ணலாம். எங்கள் வீட்டில் டேப் ஒட்டாத கேசட்டே கிடையாது. அப்படிப் பதிவு செய்ததைக் கேட்கும்போது, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வரும் அமைதியில் காதைக் கிட்டே வைத்தால், அடியில் வேறு யாரோ பாடுவது எறும்பு ஊர்கிற மாதிரிக் கேட்கும். அழிக்கும் காந்தம் சரியாக வேலை செய்யாததால் பழைய பதிவு முழுசாகப் போயிருக்காது. ஜில் கண்டுபிடித்தது இதைத்தான்.

அவள் ப்ராக்கிடம் சொல்கிறாள். ப்ராக் கேட்கவில்லை. அவள் களைத்துப்போயிருக்கிறாள், ஓய்வு தேவை என்று விடுமுறை கொடுக்கிறார். அவள் தனியாக அந்த அறைக்குப் போகிறாள். அங்கே அடியில் இருந்தது விழித்துக்கொள்கிறது. லூயிசா எதற்குப் பயந்து அந்தப் படியில் ஏறினாளோ, அதற்கே பயந்து ஜில்லும் ஏறுகிறாள். விழுந்து சாகிறாள்.

பிறகு நடப்பது பேயைவிட மோசம். மரண விசாரணையில் ப்ராக் அவளுக்கு மனநிலை சரியில்லை என்று சாட்சி சொல்கிறார். அவள் விட்டுப்போன குறிப்புகளை அழிக்கிறார். எல்லாம் முடிந்து கடைசியாக ஒரு தடவை அந்த அறைக்குப் போகிறார். அலறல் கேட்கிறது. லூயிசாவுடையது இல்லை. ஜில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். கல் புதிதாகப் பதிவு செய்துகொண்டுவிட்டது.

பாபேஜ் இந்த முடிவைப் பார்த்திருந்தால் ஒருவேளை திருப்தி அடைந்திருப்பார்: பொய் சாட்சி சொன்னவனுக்கு எதிராகக் கல் சாட்சி சொல்கிறது. ஆனால் நீலின் கணக்கு வேறு. அந்தக் கல்லின் சாட்சியைக் கேட்க ஒரு நீதிமன்றமும் இல்லை. ப்ராக்கைத் தவிர அங்கே யாரும் இல்லை. அவருக்கும் அதை அழிக்கும் வழி தெரியும். அறை எப்படியும் வாஷிங் மெஷினுக்குப் போகப் போகிறது.

ஜில்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்று பார்க்கும்போது அவளைச் சில காட்சிகளில் அழுகிற, மயங்குகிற பெண்ணாகவே காட்டியிருப்பது எரிச்சலூட்டும். அதே சமயம், கதையில் சரியான விடையைக் கண்டுபிடிப்பது அவள் ஒருத்திதான். அதுவும் உணர்ச்சியால் மட்டும் இல்லை, கணக்குப் போட்டு. ஆண்கள் நிறைந்த அந்தக் குழு அவளைக் கேட்கவில்லை என்பதுதான் அவளைக் கொல்கிறது. லூயிசாவும் வேலைக்காரி என்பதால் அவள் எதைப் பார்த்துப் பயந்தாள் என்று அன்றைக்கு எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடிதம் எழுதிய குழந்தையும் அப்படியே. அந்த அறையைப் பற்றி உண்மையைச் சொன்னவர்கள் எல்லாம் யாரும் காதுகொடுக்காதவர்கள்: வேலையாட்கள், பணிப்பெண், குழந்தை, ஜில்.

கல்லின் உண்மையான ஞாபகம்

இந்த நாடகத்தின் பின்கதை விசித்திரமானது. பேய் வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் ‘ஸ்டோன் டேப் தியரி’ என்று ஒன்றை இன்று கூசாமல் சொல்கிறார்கள். சுண்ணாம்புக் கல்லும் குவார்ட்ஸும் உணர்ச்சிகளைப் பதிவு செய்யும் என்று விளக்கம் வேறு. பழைய எண்ணம்தான், ஆனால் பெயர் 1972இல் ஒரு டிவி நாடகத்துக்கு நீல் வைத்த தலைப்பு.

அறிவியல்படி இதற்கு ஆதாரம் இல்லை. குவார்ட்ஸை அழுத்தினால் மின்னூட்டம் உண்டாகும் என்பது சரி. ஆனால் மின்னூட்டம் உண்டாவது வேறு, பதிவாவது வேறு. ஒலிநாடாவில் காந்தத் துகள்கள் வேண்டும், ஒலிக்கேற்ப மாறும் காந்தப்புலம் வேண்டும், நாடா சீரான வேகத்தில் நகர வேண்டும், திரும்பக் கேட்கவும் அதே ஏற்பாடு வேண்டும். சும்மா நிற்கும் சுவரில் இவை எதுவும் கிடையாது.

ஆனால் கல் ஒன்றைப் பதிவு செய்யத்தான் செய்கிறது. எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகும்போது அதில் உள்ள இரும்புத் தாதுக்கள் அந்த நேரத்துப் பூமியின் காந்தப்புலத் திசையைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. பூமியின் காந்தத் துருவங்கள் பலமுறை தலைகீழாக மாறியிருக்கின்றன. கடலடித் தரையில் அது வரிவரியாகப் பதிந்து கிடக்கிறது. 1963 செப்டம்பரில் ஃபிரெட் வைன், டிரம்மண்ட் மாத்யூஸ் என்ற இரு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். கண்டங்கள் நகர்வதற்கான பெரிய சான்றுகளில் அது ஒன்று. ‘தி ரோட்’ ஒளிபரப்பானதும் அதே மாதம். நாடகத்தைப் பதிந்த நாடாவில் இருந்ததும் இரும்பு ஆக்சைடுதான், கடலடிக் கல்லில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். கல்லில் பல கோடி ஆண்டு நிற்கிறது. நாடாவில் சில ஆண்டுகூட நிற்கவில்லை.

பிபிசி 1978வாக்கில் நாடாக்களை அழிப்பதை நிறுத்தியது. ‘தி ஸ்டோன் டேப்’ கலரிலேயே முழுசாகப் பிழைத்துவிட்டது. ஹாலிவுட் இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் 1987இல் ஒரு படத்தின் திரைக்கதைக்கு ‘மார்ட்டின் குவாட்டர்மாஸ்’ என்று புனைபெயர் போட்டுக்கொண்டு நீலுக்கு வணக்கம் வைத்தார். நீல் 2006இல் காலமானார். 2015இல் பிபிசி வானொலி ‘தி ஸ்டோன் டேப்’பைப் புதிதாகத் தயாரித்தபோது ஜேன் ஆஷரும் அதில் குரல் கொடுத்தார்.

காணாமல் போன ‘டாக்டர் ஹூ’ அத்தியாயங்களின் ஒலி மட்டும் அத்தனையும் கிடைத்திருக்கிறது. எப்படி? அறுபதுகளில் சில ரசிகர்கள், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பையன்கள், டிவிக்கு முன்னால் மைக்கை வைத்து டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார்கள். கம்பெனிகளும் நிறுவனங்களும் அழித்ததை அவர்கள் வைத்திருந்தார்கள். யாரும் வைக்கச் சொல்லவில்லை.

‘தி ரோட்’ நாடகத்துக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ஆனால் நீல் எழுதிய பிரதி காகிதத்தில் இருந்தது. 2018இல் அதை வைத்து பிபிசி வானொலியில் புது நடிகர்கள் நடித்தார்கள். காட்டில் நிற்கும் 18ஆம் நூற்றாண்டு மனிதர்களுக்கு, இன்னும் நடக்காத ஒன்றின் அலறல் மறுபடியும் கேட்டது. 1963இல் அதைக் கத்திய நடிகர்களின் குரல் அதில் இல்லை. அந்தக் குரல்கள் இருந்த நாடாவில் வேறு ஏதோ நிகழ்ச்சியைப் பதிவு செய்துவிட்டார்கள். பிறகு அதையும் அழித்திருப்பார்கள்.